முட்டுக்காட்டுப் பிரயாணம்

பிரயாணம் போவதைக் காட்டிலும் பிரயாணத்துக்கு யோசனை செய்வதிலேதான் அதிக இன்பம் இருக்கிறது என்பது என்னுடைய வெகுநாளைய அபிப்பிராயம். யோசனை செய்யும்போது ரயில் தாமதமாவதில்லை, வெயில் சுடுவதில்லை, ஹோட்டல் சாம்பாரில் உப்பு மிஞ்சுவதில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே காசிக்கும் போய் வரலாம், காஷ்மீரத்துக்கும் போய் வரலாம். இந்தக் கொள்கையை அனுசரித்து, எங்கள் அஸ்தம்பட்டி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே நான் போய் வந்த ஊர்கள் அநேகம். அஸ்தம்பட்டி வழியாகத்தான் ஏற்காட்டு பஸ் போகிறது. அதில் நான் கடைசியாக ஏறி நான்கு வருஷம் ஆயிற்று என்று சொன்னால், என் சுபாவம் நேயர்களுக்கு விளங்கிவிடும்.

அப்பேர்ப்பட்ட என்னை இந்தத் தடவை மெய்யாகவே மூட்டை கட்ட வைத்தது என் பெண்ணின் பள்ளிக்கூடப் பாடம்.

எட்டாவது வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு, "கிராம வாழ்க்கை" என்ற தலைப்பில் படங்களுடன் ஒரு நோட்டுப் புத்தகம் தயாரித்து வரும்படி உபாத்தியாயினி அம்மாள் கட்டளையிட்டிருந்தார். ஒரு நாள் மாலை அவள் என்னிடம் வந்து, "அப்பா, குதிர் என்றால் குதிரையா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். சிரித்தது தப்பு என்று உடனே தெரிந்துபோயிற்று. "தானியம் கொட்டி வைக்கும் பெரிய மண் கூடு" என்று சொன்னேன். "எவ்வளவு பெரிது? அடியிலிருந்து எப்படி எடுப்பார்கள்? மழைக்காலத்தில் நெல் முளைத்துவிடாதா?" என்று அவள் அடுக்கடுக்காகக் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. ராசிபுரம் தாலுக்காவில் ஒரு சிற்றூரில், தொட்டிக்கட்டு வீட்டில், குதிருக்கு எதிரே பாய் போட்டுத் தூங்கி வளர்ந்தவன் நான். இருந்தாலும், தூங்கினேனே தவிர அதைக் கவனித்தேன் இல்லை.

"அத்தைப் பாட்டியைக் கேள்" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

அத்தை என் தகப்பனாருடைய தமக்கை. வயது எண்பத்திரண்டு. குதிரைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் பேசினாள். களிமண்ணோடு எதைச் சேர்த்துப் பிசைவது, உறை உறையாக எப்படி அடுக்குவது, அடியில் உள்ள துளைக்கு எதை அடைப்பது, பூச்சி வராமல் வேப்பிலையை எந்தப் பருவத்தில் போடுவது, எல்லாம் வந்தன. குழந்தை எழுதிக்கொண்டே இருந்தாள். முடிவில் தலையை நிமிர்த்தி, "இதை எல்லாம் கண்ணால் பார்க்க முடியாதா?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்டுவிட்டு, இந்தக் காலத்துக் குழந்தையாகையால், பதிலுக்குக் காத்திராமல் கைபேசியில் தேடினாள். இரண்டு நிமிஷத்தில் "முட்டுக்காடு!" என்று கூவினாள்.

*

முட்டுக்காடு என்பது சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கே சுமார் பத்து ஏக்கர் மணல் வெளியில் "தட்சிணசித்ரா" என்று ஒரு திறந்தவெளிக் காட்சிசாலை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த பானையை வைத்துச் சீட்டு ஒட்டியிருக்கும் காட்சிசாலை அல்ல. வீடுகளே அங்கே காட்சிப் பொருள்கள். செட்டிநாட்டு வியாபாரியின் வீடு, தஞ்சாவூர் உழவர் வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, குயவர் வீடு, அக்கிரகார வீடு. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. கர்நாடகத்து இல்கல் நெசவாளரின் வீடு. புயல் காற்று மோதி வழுக்கிப் போகும்படி வட்டமாகக் கட்டிய ஆந்திரக் கடற்கரை வீடு. இவற்றில் பல, சொந்த ஊரில் இடிபட இருந்தவை. அவற்றைக் கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பழையபடியே மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள்.

இதைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன் என்னும் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டவர். செட்டிநாட்டுப் பக்கம் போனபோது, பெரிய பெரிய வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவும் விலைக்குப் போவதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. 1984-ஆம் வருஷம் இதற்காகச் சென்னையில் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். 1996 டிசம்பரில் காட்சிசாலை திறக்கப்பட்டது.

அதன் கட்டிடங்களுக்குத் திட்டம் வகுத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்த அவர், இரண்டாவது உலக யுத்த காலத்தில் பம்பாயில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் அந்த வீட்டிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று மகாத்மா சொன்ன கருத்து அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பிற்பாடு இந்தியாவிலேயே தங்கி, ஏழைகளுக்குச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வீடு கட்டிக் கொடுத்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

இதை நான் உரக்கப் படித்தபோது அத்தை, "இதைச் சொல்ல மகாத்மா வேண்டுமா? எங்கள் வீட்டு மரம் எங்கள் தோட்டத்து வேம்பு. மண் எங்கள் ஏரி மண். ஓடு பக்கத்து ஊர்ச் சூளையில் சுட்டது. ஐந்து மைல் எதற்கு, மூன்று மைலே தாராளம்" என்றாள்.

எங்கள் பாட்டி, அதாவது அத்தையின் தாயார், கதர் நூற்றவள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் ஏற்படுத்திய பிறகு, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் ராட்டை சுழன்றது. பாட்டியின் ராட்டை இன்னும் அந்த வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஆகையால் காந்தியின் பெயரைச் சொன்னால் அத்தைக்குக் கொஞ்சம் உரிமையோடு பேசத் தோன்றும்.

*

இப்படி வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கும் வழக்கத்துக்கு ஸ்வீடன் தேசத்தைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். அர்தூர் ஹசேலியுஸ் என்ற பெரியவர் கிராமங்களில் யாத்திரை செய்தபோது, பழைய உடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் கண் முன்னே மறைவதைக் கண்டார். முதலில் சாமான்களைச் சேகரித்தார். பிறகு, சாமானை மட்டும் வைத்து என்ன பிரயோசனம், அது இருந்த வீடு வேண்டாமா என்று எண்ணி, 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஒரு குன்றின்மேல் "ஸ்கான்சென்" என்ற காட்சிசாலையைத் திறந்தார். தேசத்தின் நானா பக்கங்களிலிருந்தும் குடிசைகளும் பண்ணை வீடுகளும் அங்கே வந்து சேர்ந்தன; ஒரு மாதா கோவில்கூட வந்தது. டில்லியில் 1972-இல் நடந்த பொருட்காட்சிக்காகக் கட்டிய கிராமக் குடிசைகள் இன்று அங்குள்ள கைத்தொழில் காட்சிசாலையின் பகுதியாக இருக்கின்றன. ரயிலும் ஆலையும் முன்னால் போனால், பின்னாலேயே காட்சிசாலையும் போகிறது போலும்!

இந்த விவரங்களை எல்லாம் சேகரித்ததும், வழக்கப்படி ஒரு முழுக் காகிதத்தை எடுத்துப் "பிரயாணத் திட்டம்" என்று தலைப்பிட்டேன்.

முதல் கஷ்டம் நாள் பார்ப்பதில் வந்தது. எனக்கும் குழந்தைக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த விடுமுறை ஒரு செவ்வாய்க்கிழமை. தட்சிணசித்ராவுக்கோ செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. இதைக் கேட்டதும் அத்தைக்கு அந்த இடத்தின்மீது முதல் முறையாக மரியாதை பிறந்தது. "செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதில்லை. பட்டணத்தில் படித்தவர்கள் கேட்கிறார்கள் பார்" என்றாள். அப்புறம் ஒரு சனிக்கிழமையாக முடிவு செய்தோம்.

இரண்டாவது, போகும் வழி. உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாக மோட்டாரில் போகலாம் என்றேன் நான். அத்தையின் முழங்காலை உத்தேசித்து ரயில்தான் சரி என்றாள் என் மனைவி. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலம் சென்னை என்று தீர்ப்பாயிற்று. மூன்றாவது, ஆகாரம். கட்டுச்சோறு உண்டா இல்லையா என்பதில் நீண்ட விவாதம் நடந்து, புளிச் சோறும் எள்ளுத் துவையலும் என்று அத்தை ஏகமனதாக நிறைவேற்றினாள். நான்காவது, நடை. பத்து ஏக்கரையும் சுற்ற வேண்டும்; மணலில் வெயில் ஏறும். பத்து மணிக்குத் திறந்தவுடன் தமிழ்நாட்டு வீடுகளை முடித்துவிடுவது, வெயில் நேரத்தில் ஏதாவது ஒரு திண்ணையில் உட்காருவது, மாலையில் மற்ற ராஜ்யங்கள் என்று வகுத்தோம். குயவர் சக்கரத்தில் குழந்தைகளும் கை வைத்துப் பார்க்கலாமாம். அதற்கு அரை மணி ஒதுக்கும்படி என் பெண் உத்தரவிட்டாள்.

இவ்வளவும் ஆன பிறகு அத்தை சாவதானமாக, "நீங்கள் போய் வாருங்கள், நான் வரவில்லை" என்றாள்.

*

ஏன் என்று கேட்டதற்கு, முழங்கால் என்றாள். பிறகு, வீட்டுக்குக் காவல் வேண்டாமா என்றாள். பிறகு குழந்தை விடாமல் நச்சரித்ததன்மேல் வேறொன்று சொன்னாள்.

"அங்கே எல்லாம் துடைத்து மெழுகிக் கோலம் போட்டு அழகாய் வைத்திருப்பார்கள் கண்ணு. பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எவ்வளவு நன்றாய் வாழ்ந்தார்கள் என்று நீ நோட்டில் எழுதுவாய். உரல் இருக்கும், குத்தினவள் கையிலே காய்த்த காய்ப்பு இருக்குமா? நான் விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து கம்பு குத்தினவள். மாதத்தில் மூன்று நாள் பொடக்காலியில் மழையிலும் குளிரிலும் உட்கார்ந்தவள். எங்கள் திண்ணையில் ஊரில் பாதிப் பேர் உட்காரக்கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், தூக்கித்தான் ஊற்றுவார்கள், கையில் கொடுக்கமாட்டார்கள். நானே அப்படி ஊற்றியிருக்கிறேன். அதை எந்த வீட்டில் வைத்துக் காட்டுவார்கள்?"

கூடத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு குழந்தைதான் சொன்னாள்: "அதனால்தான் நீங்கள் வரவேண்டும், அத்தைப் பாட்டி. நீங்கள் சொன்னால்தானே எனக்குத் தெரியும்?"

எனக்கு அந்தச் சமயத்தில் வேறு ஒன்று தோன்றியது. முட்டுக்காட்டில் அக்கிரகார வீடும், குயவர் வீடும், கூடை முடைபவர் வீடும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே டிக்கட்டுத்தான். யார் வேண்டுமானாலும் எந்தத் திண்ணையிலும் உட்காரலாம். அந்த வீடுகள் சொந்த ஊரில் இருந்த காலத்தில் அடையாத பாக்கியத்தைப் பெயர்ந்து வந்த இடத்தில் அடைந்திருக்கின்றன. இதைச் சொன்னேன். அத்தை "ஹூம்" என்றாள். அத்தையின் அகராதியில் அது பாதிச் சம்மதம்.

ஆனால் நேயர்களே, அத்தை வரமாட்டேன் என்றபோது என் உள்ளத்தின் ஒரு மூலையில் நிம்மதி ஏற்பட்டது என்பதையும், அவள் பாதி சம்மதித்தபோது அந்த நிம்மதி பறந்துபோயிற்று என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது.

அஸ்தம்பட்டி வீட்டை நான் 2011-இல் கட்டினேன். கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நேருவதுபோல், கடைசியில் கையில் காசு தீர்ந்துபோயிற்று. கூடத்துக்குத் தரை போட வேண்டும். அப்போது ஒரு பழைய சாமான் வியாபாரி கிராமத்து வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, தலைவாசல் கதவையும் நிலையையும் தாழ்வாரத்துத் தூண்கள் நான்கையும் விலைக்குக் கேட்டார். நிலையின் மேல் கட்டையில் கஜலக்ஷ்மி செதுக்கியிருக்கும். கதவு நிறையப் பித்தளைக் குமிழ்கள். 35,000 ரூபாய் கொடுத்தார். இன்று எங்கள் கூடத்தில் முகம் தெரிகிறாற்போல் பளபளக்கும் கிரானைட் தரை அந்தப் பணத்தில் போட்டது. வாசலுக்கு ஒரு தகரக் கதவு வாங்கிப் பொருத்தினேன்.

அத்தையிடம், "கறையான் அரித்துவிட்டது, எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டது" என்று சொன்னேன்.

அந்த வாசல் அத்தைக்கு வெறும் வாசல் அல்ல. பதினேழு வயதில் மாலையும் கழுத்துமாக அதைத் தாண்டிப் போனவள், பத்தொன்பது வயதில் ஒன்றும் இல்லாமல் அதே வாசலுக்குள் திரும்பி வந்தாள். அன்று முதல் அந்தக் கதவை இரவில் சாத்துவதும் விடியலில் திறப்பதும் அவள் கைதான். நான் பிறந்தபோது என்னை உள்ளே எடுத்து வந்தவளும் அவளே.

காட்சிசாலையின் பழங்கதவுகளின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவது எப்படி? அங்கே ஒரு கதவைத் தடவிப் பார்த்து, "இது நூறு வருஷக் கதவு, இதைக் கறையான் தின்னவில்லையே" என்று அவள் கேட்டால்? நாலு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டை விற்றுத் தின்றவன் வீடுகளைப் பார்க்கப் பிரயாணத் திட்டம் போடுகிறான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் இரவு, மனைவியும் குழந்தையும் படுத்த பிறகு, அத்தையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் பயந்தேன். அவளோ, "எனக்குத் தெரியும் தம்பி" என்றாள்.

"எப்போது தெரியும்?"

"அந்த வருஷமே மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போனேனே! தகரக் கதவைப் பார்த்தேன். கறையான் மரத்தைத் தின்னும். பித்தளைக் குமிழையும் தின்னுமா கண்ணு? நாற்பத்தெட்டுக் குமிழ் இருந்தது. இடது கதவில் ஒன்று விழுந்து நாற்பத்தேழு. ஒன்றையாவது எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பாயே!"

என்னால் வாய் திறக்க முடியவில்லை.

"நீ வீடு கட்டிக்கொண்டிருந்தாய். அம்மிணி முகத்தைப் பார்த்தால் பாவமாய் இருந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தக் கதவு முட்டுக்காட்டில் இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்காது என்றேன். அந்த வியாபாரி எங்கே விற்றாரோ? இப்போதெல்லாம் பழங்கதவுகளைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு, பெரிய ஹோட்டல்களில் சாப்பாட்டு மேஜையாக்கிவிடுகிறார்கள் என்ற சங்கதியையும், பொய் சொன்னதெல்லாம் போதும் என்று, சொல்லிவிட்டேன்.

"சாப்பாடாவது போடுகிறார்களே" என்றாள் அத்தை.

பிறகு விளக்கை அணைக்கச் சொன்னாள். நான் எழுந்து போகும்போது இருட்டில் அவள் குரல் கேட்டது: "சனிக்கிழமைக்கு எனக்கும் டிக்கட் வாங்கிவிடு."

*

டிக்கட் வாங்கியாயிற்று, கீழ்ப் படுக்கையும் கிடைத்துவிட்டது. குழந்தை, அத்தைப் பாட்டியிடம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். அவற்றில் முதல் கேள்வி, "யார் யார் உள்ளே வரலாம்? யார் யார் வரக்கூடாது?" என்பது. உபாத்தியாயினி அம்மாளுக்கு இந்த நோட்டுப் புத்தகம் கொஞ்சம் ஆச்சரியத்தைத் தரக்கூடும்.

காட்சிசாலை வெளியிட்டிருக்கும் வீடுகளின் பட்டியலை நான் இன்னொரு முறை படித்தேன். செட்டிநாடு, தஞ்சை, காஞ்சி என்று சீமைகளின் பெயர் வரும்போதெல்லாம், என்னை அறியாமல் கண் சேலத்தைத் தேடிற்று. எல்லா ஊர் வீட்டையும் யாராவது வந்து எடுத்துப் போய் நிறுத்திக் காப்பாற்றிக் கொடுக்க முடியுமா? அவர்கள் எடுத்து வைத்திருப்பது மாதிரிக்குத்தான். மிச்சம் அவரவர் பொறுப்பு. கிராமத்தில் எங்கள் வீடு இன்னும் நிற்கிறது. கூரையில் ஓடு இருக்கிறது. பரணில் ராட்டை இருக்கிறது. வாசல்தான் இல்லை.

நேற்று, திட்டக் காகிதத்தில் "எடுத்துக்கொள்ள வேண்டிய சாமான்கள்" என்ற பகுதியைச் சரி பார்த்தேன். குடை, தண்ணீர்ப் பாட்டில், முழங்கால் தைலம், மடக்கு நாற்காலி, புளிச் சோறு என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே குழந்தையின் கையெழுத்தில் "அளவு நாடா" என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

"இது எதற்கு?" என்றேன்.

"அத்தைப் பாட்டிதான் எழுதச் சொன்னார்கள்."

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அங்கே ஏதாவது ஒரு வீட்டுத் தலைவாசல் நம்முடையதுபோல் இருக்கும். நிலை என்ன கனம், கதவு என்ன அகலம், குமிழுக்குக் குமிழ் எவ்வளவு தூரம் என்று அளந்து வந்தால், ஊரில் ஆசாரியிடம் சொல்லலாம். தோட்டத்தில் இன்னும் இரண்டு வேம்பு நிற்கிறது."

கடைத்தெருவுக்குப் போய் அளவு நாடா ஒன்று வாங்கி வந்து, தைலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.